காணாமப் போன அப்பாவோட உரிமையை முடிச்சு என் வீட்டுக்காரரை சட்டப்படி அப்பாவாக்கினது: நாங்க போன மூணு இடம் பத்தி

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். டிவோர்ஸ் ஆகி மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டு அமெரிக்கால இருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க. பெத்தவர் இந்தியாவுக்குப் போயிட்டு வருஷக்கணக்கா எட்டிக்கூட பாக்கல, வளர்க்கிறவர்தான் எல்லாம் பாத்துக்கிறார், அவரை சட்டப்படி அப்பாவா ஆக்கணும்னா எங்க போறது யார்கிட்ட கேக்கிறதுனு நான் தேடினப்ப தமிழ்ல ஒண்ணுமே கிடைக்கல. நாங்க இருக்கிறது கலிஃபோர்னியா, அதனால இங்க சொல்ற ரூல் எல்லாம் கலிஃபோர்னியா ரூல், வேற ஸ்டேட்ல இருக்கிறவங்க அந்தந்த ஊர் ரூலைப் பாத்துக்கோங்க.

நாங்க மூணு சர்வீஸ் யூஸ் பண்ணோம். ஒரு ஆன்லைன் ஃபார்ம் நிரப்பித் தர வெப்சைட், கோர்ட்லயே இருக்கிற செல்ஃப் ஹெல்ப் சென்டர், கடைசியா ஒரு ஃபேமிலி லா லாயர். வெப்சைட் பேரும் லாயர் பேரும் சொல்லல, என்ன நடந்துச்சுனு மட்டும் சொல்றேன்.

முதல்ல எங்க கதை சுருக்கமா. பொண்ணு பொறந்தது 2012, இங்கதான். 2015ல எங்களுக்கு இங்கயே கோர்ட்ல டிவோர்ஸ் ஆச்சு, கஸ்டடி முழுக்க எனக்கு. அடுத்த வருஷம் அவர் இந்தியாவுக்குத் திரும்பிட்டார், அஞ்சு மாசம் பணம் அனுப்பினார், அப்புறம் நின்னு போச்சு. கடைசியா போன் பண்ணினது அவளோட அஞ்சாவது பொறந்தநாளுக்கு. 2019ல எனக்கு மறுபடி கல்யாணம். என் வீட்டுக்காரர்தான் அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தது, ஸ்கூல் மீட்டிங் போறது, ராத்திரி ஜுரம்னா முழிச்சிருக்கிறது எல்லாம். அவளும் அப்பானுதான் கூப்பிடுறா. ஆனா ஒரு தடவை அவளுக்கு கை எலும்பு முறிஞ்சு எமர்ஜென்சிக்கு இவர் கூட்டிட்டுப் போனப்ப, நான் பிளைட்ல இருந்தேன், போன் எடுக்க முடியல, சம்மதக் கையெழுத்துப் போட நீங்க சட்டப்படி யாருன்னு கேட்டு இவரை உக்கார வெச்சுட்டாங்க. நான் இறங்கி போனை ஆன் பண்ணின வரைக்கும் பிள்ளை வலியோட இருந்திருக்கா. அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டோம்.

இங்க ஒரு விஷயம், நான் உட்பட நிறைய பேர் தப்பா நெனச்சுக்கிட்டு இருக்கோம். கஸ்டடி முழுக்க நமக்கு வந்துட்டா அந்த மனுஷனோட உரிமை முடிஞ்சதுனு அர்த்தம் இல்ல. அவர் இன்னமும் சட்டப்படி அப்பாதான். ஒண்ணு அவரே நோட்டரி மாதிரி ஆள் முன்னாடி சம்மதக் கையெழுத்து போடணும், இல்லைனா கோர்ட் அவர் உரிமையை முடிக்கணும், அதுக்கப்புறம்தான் ஸ்டெப் பேரண்ட் அடாப்ஷன், அதாவது வளர்க்கிறவர் சட்டப்படி தத்தெடுக்கிறது. உரிமையை முடிக்காமலே மூணாவதா ஒரு பேரண்ட்டை சேர்க்கிற வழியும் கலிஃபோர்னியால இருக்கு, ஆனா அதுக்கு எல்லாரும் பேசி ஒத்துக்கணும், பேசவே ஆள் இல்லாத எங்களுக்கு அது சரிப்படல.

இப்ப வெப்சைட். 349 டாலர். ராத்திரி பதினோரு மணிக்கு கார்ட் நம்பர் போட்டு, ஒரு மணி நேரத்துல எல்லா ஃபார்மும் பிடிஎஃபா வந்துடுச்சு, பாக்க அழகா இருந்துச்சு. அதுல ஒரு கேள்வி, குழந்தை இந்தியன் சைல்டானு. நாங்க இந்தியாக்காரங்க, ஆமான்னு டிக் பண்ணிட்டோம். அந்தக் கேள்வி நம்மளப் பத்தினதே இல்ல. 1978ல வந்த சட்டம் ஒண்ணு இருக்கு, அமெரிக்கப் பூர்வகுடி மக்களோட குழந்தைகளை அவங்க இனத்தை விட்டுப் பிரிச்சு தத்துக் கொடுக்கிறதைத் தடுக்கிறதுக்கு. அந்தக் கேள்விக்கு ஆமான்னு போட்டா எந்த ட்ரைப்னு விசாரிச்சு அவங்களுக்கு நோட்டீஸ் அனுப்பற வேலையில கேஸ் போய் மாட்டிக்கும். பணம் வாங்கின வெப்சைட்ல ஒரு வரி விளக்கம் போட்டிருக்கலாம், போடல. நம்ம ஆளுங்க எத்தனை பேர் இப்படி டிக் பண்ணியிருப்பாங்களோ.

அதை விடப் பெரிய தப்பு இன்னொண்ணு. அப்பாவோட அட்ரஸ் தெரியலைன்னா இந்தப் பெட்டியில டிக் பண்ணுங்க, பேப்பர்ல விளம்பரம் போட்டா போதும்னு வந்துச்சு. எனக்கு அவர் அட்ரஸ் நிஜமாவே தெரியாது. டிக் பண்ணிட்டேன். ஆனா அவங்க அம்மாவோட போன் நம்பர் என் பழைய டைரியில இருந்துச்சு. அப்படி யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களானு அந்த வெப்சைட் கேக்கவே இல்ல, நானும் யோசிக்கல. உண்மையைச் சொல்லணும்னா யோசிக்க விரும்பல. ரீஃபண்ட் கேட்டு மூணு மெயில் போட்டேன், பதில் இல்ல. இந்த வேலைக்கு இந்த மாதிரி சைட் பக்கமே போகாதீங்கனு மனசாரச் சொல்றேன்.

அடுத்தது செல்ஃப் ஹெல்ப் சென்டர். கலிஃபோர்னியால ஒவ்வொரு கவுண்ட்டி கோர்ட்லயும் ஒண்ணு இருக்கு, ஃப்ரீ. காலைல சீக்கிரம் போயிடணும், நாங்க ஒன்பதரைக்குப் போய் பன்னெண்டேகாலுக்குத்தான் கூப்பிட்டாங்க. அங்க இருந்த அம்மா எங்க கட்டைப் புரட்டிப் பாத்துட்டு அந்த இந்தியன் டிக்கை விரலால தொட்டுக் காட்டி, நீங்க எந்த ட்ரைப்னு கேட்டாங்க. நாங்க முழிச்சதைப் பாத்து அவங்களே புரிஞ்சுக்கிட்டு பொறுமையா விளக்கினாங்க. அடாப்ட் 200ங்கிற ஃபார்ம்தான் மனு, அடாப்ட் 210 சம்மதம், அடாப்ட் 215 ஜட்ஜ் கையெழுத்துப் போடுற ஆர்டர், எது எப்பனு வரிசையா எழுதியும் கொடுத்தாங்க. ஸ்டெப் பேரண்ட் அடாப்ஷன் மனு போட 20 டாலர்தான், குடும்பத்தைப் பத்தி விசாரணை பண்றவங்களுக்கு கோர்ட் நம்மகிட்ட வாங்கறது 700 டாலரைத் தாண்டக்கூடாதுனு சட்டமே இருக்கு, இதெல்லாம் அங்கதான் தெரிஞ்சுக்கிட்டோம். ஆனா அவங்களால நம்ம சார்பா வாதாட முடியாது, உங்க கேஸ்ல இதைப் பண்ணுங்க அதைப் பண்ணாதீங்கனு யோசனையும் சொல்ல மாட்டாங்க. அப்பா இந்தியால இருக்கார்னு சொன்னதும் அவங்க முகம் மாறுச்சு. இதுக்கு லாயர் வேணும், முழு கேஸும் கொடுக்கக் கட்டுப்படி ஆகலைன்னா லிமிடெட் ஸ்கோப்னு கேளுங்க, வேலையில ஒரு பகுதிக்கு மட்டும் லாயர் வெச்சுக்கிறதுனு சொல்லி அனுப்பினாங்க. அந்த ஒரு வார்த்தைக்கே அவங்களுக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கேன்.

லாயர் ஆபீஸ் சின்னது, மாடியில ரெண்டு ரூம். முதல் மீட்டிங்ல அவங்க அடாப்ஷனைப் பத்திப் பேசவே இல்ல. ஒரு மணி நேரமும் அவர் எங்க இருக்கார், யாருக்குத் தெரியும், எப்படித் தேடினீங்கனு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. வருஷக்கணக்கா பிள்ளை இருக்காளா செத்தாளானு கேக்காத மனுஷனுக்கு என்ன இவ்வளவு மரியாதைனு கேட்டுட்டேன். அவங்க கோவப்படல. பெத்தவங்க உரிமையை எடுக்கிறது ஒரு கோர்ட் பண்ணக்கூடிய பெரிய காரியங்கள்ல ஒண்ணு, அதனாலதான் சாதாரண சிவில் கேஸ் மாதிரி ஐம்பது சதவீதத்துக்கு ஒரு பிடி மேல நிரூபிச்சாப் போதாது, தெளிவா உறுதியா நம்ப வைக்கிற ஆதாரம் வேணும்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1982லயே நியூயார்க்ல இருந்து வந்த சான்டோஸ்கி கேஸ்ல சொல்லிட்டாங்கன்னாங்க. இன்னொரு கேஸும் சொன்னாங்க, அது எங்களை மாதிரியே ஸ்டெப் பேரண்ட் கேஸ். மிசிசிப்பில ஒரு அம்மா, முன்னாள் கணவரோட புது மனைவி பிள்ளைகளைத் தத்தெடுக்கணும்னு அந்த அம்மாவோட உரிமையை கோர்ட் முடிச்சிடுச்சு. அப்பீல் பண்ண கோர்ட் பேப்பர் தயார் பண்ற செலவு மட்டும் 2,352 டாலர், அந்த அம்மாகிட்ட இல்ல. பணம் இல்லைங்கிறதுக்காக ஒரு தாயோட அப்பீல் கதவை மூடக்கூடாதுனு 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. நான் என் பக்கத்துல இருந்து மட்டுமே பாத்துக்கிட்டு இருந்தேன், அந்த அம்மா எடத்துல நான் இருந்தா என்ன ஆகியிருக்கும்னு அப்பதான் உறைச்சுது.

அப்புறம் நேரா விஷயத்துக்கு வந்தாங்க. நோட்டீஸ் ஒழுங்காப் போகலைன்னா, நீங்க கேஸ் ஜெயிச்சு அஞ்சு வருஷம் கழிச்சுக்கூட அவர் வந்து எனக்குத் தெரியவே தெரியாதுனு சொன்னா மொத்தமும் ஆடிப் போயிடும், அப்ப உங்க பொண்ணு நிலைமை என்ன. அந்த மாமியார் நம்பருக்குப் போன் பண்ணுங்க, பண்ணாம அட்ரஸ் தெரியலைனு சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்க நான் விடமாட்டேன்.

மூணு நாள் பண்ணல. நாலாவது நாள் சாயங்காலம் சமையல்கட்டுல நின்னுக்கிட்டே பண்ணேன், இவர் பக்கத்துல. நாலாவது ரிங்ல எடுத்தாங்க. அத்தை, நான்தான்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல, பின்னாடி ஃபேன் ஓடுற சத்தம் மட்டும். அப்புறம் முதல் வார்த்தையே, பாப்பா எவ்வளவு உயரம் இருக்கானுதான். எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு. விஷயத்தைச் சொன்னேன், எதையும் மறைக்கல. அவங்க, அவன் என்கூட இல்லம்மா, சென்னையில இருக்கான், எப்பவாவது வருவான், நீ பண்றது சரி, நான் என்ன சொல்லனு அழுதாங்க. அப்புறம் கண்ணாடி தேடி எடுத்துட்டு வந்து ஏதோ ஒரு பழைய கவரைப் பாத்து அட்ரஸை எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க, கதவு எண் பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு, ரெண்டும்.

அந்தப் பழைய நம்பர் புது நம்பர் விஷயத்தை லாயருக்குப் புரிய வைக்கவே எனக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. ஒரு வீட்டுக்கு எப்படி ரெண்டு நம்பர்னு கேட்டாங்க. ஆனா புரிஞ்சதும் ரெண்டையும் ஃபார்ம்ல எழுதினாங்க, சென்னைல வீடு தேடுறவங்களுக்கு அது எவ்வளவு முக்கியம்னு நமக்குத் தெரியும்.

கொரியர்ல அனுப்பிடலாம், இல்ல வாட்ஸ்அப்ல அனுப்பி ப்ளூ டிக் வந்தா போதாதானு இவர் கேட்டார். கூடாது. வெளிநாட்டுக்கு கோர்ட் நோட்டீஸ் அனுப்ப ஹேக் சர்வீஸ் கன்வென்ஷன்னு ஒப்பந்தம் இருக்கு, இந்தியாவுக்கு அது 2007 ஆகஸ்ட்ல இருந்து அமல்ல இருக்கு, தபால்ல அனுப்புறதுக்கு இந்தியா ஆட்சேபம் தெரிவிச்சிருக்கு. அதனால ரெக்வெஸ்ட் ஃபார்ம், பேப்பரோட சுருக்கம், ரெண்டு செட் காப்பி எல்லாம் டெல்லில சட்ட அமைச்சகத்துக்குப் போகணும், அங்க இருந்து உள்ளூர் கோர்ட்டுக்கு, அங்க இருந்து அமீனா போய்க் கையில கொடுக்கணும். 2023 மே மாசம் அனுப்பினோம். கொடுத்தாச்சுங்கிற சர்ட்டிஃபிகேட் 2024 ஜனவரியில வந்துச்சு. எட்டு மாசம். நடுவுல ரெண்டு ஹியரிங் தேதி தள்ளிப் போச்சு, ரெண்டு தடவையும் நான் உடைஞ்சு போய் லாயருக்கு மெயில் போட்டேன். அனுப்பி ஆறு மாசமாவது ஆகணும், அதுக்கப்புறமும் சர்ட்டிஃபிகேட் வரலைன்னாதான் அது இல்லாம மேல போறதைப் பத்தி ஜட்ஜ் யோசிக்கவே முடியும், அதுவும் அந்த ஒப்பந்தத்துலயே இருக்குன்னாங்க. அந்த சர்ட்டிஃபிகேட்ல ரப்பர் ஸ்டாம்புக்குக் கீழ அவர் கையெழுத்து இருந்துச்சு. அதே கையெழுத்து, கொஞ்சமும் மாறல. பேப்பரை வாங்கியிருக்கார், ஆனா ஒரு வரி பதில் போடல.

லாயர் பண்ணின இன்னொரு விஷயத்தையும் சொல்லணும். கலிஃபோர்னியா சட்டப்படி ஒரு பேரண்ட் பிள்ளைய இன்னொருத்தர்கிட்ட விட்டுட்டு ஒரு வருஷம் பணமும் கொடுக்காம, இல்ல தொடர்பும் இல்லாம, கைவிடுற எண்ணத்தோட இருந்தா அது கைவிட்டதுதான். 2019ல அவர் ஒரே ஒரு தடவை வாட்ஸ்அப்ல கேக் படம் போட்டு ஹேப்பி பர்த்டே செல்லம்னு அனுப்பியிருந்தார். நான் அதை டெலீட் பண்ணிடலாமானு கேட்டேன். வேண்டவே வேண்டாம், பேருக்கு ஒண்ணு ரெண்டு முயற்சி பண்ணினாலும் அது கைவிட்டதாவே எடுத்துக்கலாம்னு அந்தச் சட்டமே சொல்லுது, நீங்க மறைச்சா உங்க மேல இருக்கிற நம்பிக்கைதான் போகும்னு சொல்லி அந்த ஸ்க்ரீன்ஷாட்டை முதல் பக்கத்துலயே வெச்சாங்க. இந்த நேர்மைக்காகவே இவங்ககிட்ட போகலாம்.

விசாரணைக்கு வந்த அம்மா பொண்ணுகிட்ட தனியாப் பேசினாங்க, கோர்ட் அவளுக்குனு தனி லாயரும் போட்டுச்சு. பத்து வயசு ஆகியிருந்தா ஜட்ஜே தன்னோட ரூம்ல கூப்பிட்டுப் பேசுவாங்க. உள்ள போய் இருபது நிமிஷம் கழிச்சு வந்தா. என்ன கேட்டாங்கனு நான் கேக்கல, லாயர் கேக்கக்கூடாதுனு முதல்லயே சொல்லியிருந்தாங்க. பெத்தவங்களுக்கு அந்த இருபது நிமிஷம் ரொம்பக் கஷ்டம், தயாரா இருங்க.

ஏப்ரல்ல ஹியரிங். பெய்லிஃப், அதாவது கோர்ட் காவலர், வராண்டாவுக்குப் போய் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு வந்தார், யாரும் இல்ல. அந்த நேரம் நான் சந்தோஷப்படுவேன்னு நெனச்சிருந்தேன், வயித்துல என்னமோ பிசைஞ்சுது. முக்கால் மணி நேரத்துல அவர் உரிமையை முடிக்கிற ஆர்டர் வந்துடுச்சு. அதுக்கப்புறம் அடாப்ஷன் பேப்பரை நாங்களே செல்ஃப் ஹெல்ப்ல உக்காந்து முடிச்சோம், ஆகஸ்ட்ல ஜட்ஜ் முன்னாடி மூணு பேரும் கையெழுத்துப் போட்டோம். பன்னெண்டு வயசு தாண்டிட்டதால அவ சம்மதமும் சட்டப்படி வேணும், தன் பேரை இனிஷியலோட மெதுவா எழுதினா.

குறைனு சொன்னா, இந்த லாயர் மெயிலுக்கு நாலு நாள் அஞ்சு நாள் எடுத்துக்குவாங்க. போன்ல ரெண்டு நிமிஷம் பேசினாலும் ஆறு நிமிஷக் கணக்குல பில் வரும், அது ஒப்பந்தத்துல எழுதியிருந்துச்சு ஆனா வாயால சொல்லல, முதல் பில் வந்தப்ப திக்குன்னு இருந்துச்சு. அதனால கேள்வி எல்லாம் சேர்த்து வெச்சு ஒரே மெயில்ல அனுப்புங்க. மொத்தம் 14 மணி நேரம், மணிக்கு 350, அதாவது 4,900 டாலர். முழு கேஸுக்கு இன்னொரு ஆபீஸ்ல 9,000 கேட்டாங்க. எது எது அவங்க வேலை எது எது நம்ம வேலைனு எழுத்துல வாங்கிக்கோங்க, நாங்க வாங்கினதால ஒரு சண்டையும் வரல.

ஸ்டார் போடணும்னா வெப்சைட்டுக்கு ஒண்ணு, செல்ஃப் ஹெல்ப் சென்டருக்கு அஞ்சு, லாயருக்கு நாலரை.

இன்னொண்ணு, அடாப்ஷன் ஆனதும் இனிமே வர வேண்டிய சைல்ட் சப்போர்ட் நின்னுடும், ஆனா அதுக்கு முன்னாடி சேர்ந்த பாக்கி அழியாது. பழைய பாக்கிக்காக நாங்க அவரைத் துரத்தப் போறதில்ல, அது எங்க முடிவு, உங்க நிலைமை வேறயா இருக்கலாம். புது பர்த் சர்ட்டிஃபிகேட்டுக்கு கோர்ட்ல இருந்து ஸ்டேட்டுக்கு பேப்பர் போகும், அது வந்தப்புறம்தான் பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி எல்லாம் மாத்தணும், அவசரப்பட்டு டிக்கெட் போட்டுடாதீங்க.

கடைசி மீட்டிங்ல லாயர்கிட்ட ஒண்ணு கேட்டேன். அந்த போன் பண்ணின நாள்ல இருந்து அத்தை ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பொண்ணுகிட்ட பேசுறாங்க, உரிமை எல்லாம் முடிஞ்சப்புறம் அதை நிறுத்தணுமானு. நிறுத்தணும்னு சட்டம் எதுவும் சொல்லல, பேச விடுறது உங்க ரெண்டு பேர் முடிவுன்னாங்க. இவர்கிட்ட வந்து சொன்னேன். போன ஞாயித்துக்கிழமை இவர்தான் போனைப் போட்டு, பாட்டி லைன்ல இருக்காங்கனு அவகிட்ட கொடுத்தார்.